‘யாதொரு வில்லங்கமும் இல்லை’... நிஜமாகவா?

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே கடை போட்டிருக்கும் எந்தப் பத்திர எழுத்தரின் கணினியிலும் அந்தப் பத்தி தயாராக இருக்கும். பெயர், தொகை, சர்வே எண், நான்கெல்லை எல்லாம் பார்ட்டிக்குப் பார்ட்டி மாறும். அந்தப் பத்தி மட்டும் மாறாது. சொத்தின் பேரில் யாதொரு வில்லங்கமோ, விவகாரமோ, அடமானமோ, ஜப்தியோ, கோர்ட் வழக்கோ கிடையாது என்று விற்பவர் அதில் உறுதி சொல்கிறார். பின்னிட்டு அப்படி ஏதும் தெரியவந்தால், தம் சொந்தச் செலவில் முன்னின்று தீர்த்துக் கொடுப்பதாகவும் ஒப்புக்கொள்கிறார். அதற்குத் தம்முடைய இதர சொத்துகளும் கட்டுப்பட்டவை என்று கூடுதலாக ஒரு வரி சேர்க்கும் எழுத்தர்களும் உண்டு.

பத்திரத்தை வாசித்துக் காட்டும்போது தொகை வரும் இடத்தில் எல்லோருக்கும் காது கூர்மையாகிவிடும். இந்தப் பத்தி வரும்போது விற்பவர் அநேகமாக டோக்கன் எண் ஓடும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அன்றைக்கு அவர் ஒப்புக்கொள்வதிலேயே கனமான சங்கதி இதுதான். பணத்தை வாங்கி, சாவியைக் கொடுத்து, வேறு ஊரில் மகன் வீட்டோடு போய்ச் சேர்ந்த பிறகும் அவரைத் தேடிவரக்கூடியது இந்தப் பத்தி மட்டுமே.

வீடு வாங்குகிறவருக்குப் புத்தி சொல்ல வக்கீல், வங்கி, மாமனார், யூடியூப் என்று ஊரே இருக்கிறது. விற்கிறவருக்கோ, ‘பணம் அக்கவுன்ட்டில் ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு’ என்பதற்கு மேல் யாரும் எதுவும் சொல்வதில்லை. தாளைச் சரிபார்ப்பது வாங்குகிறவர் பாடு என்பது நம்மூர் எண்ணம். சட்டத்தின் எண்ணம் வேறு.

1882லேயே எழுதிவிட்டார்கள்

சொத்து மாற்றுச் சட்டம் 1882ஆம் ஆண்டைச் சேர்ந்தது. விற்பவர், வாங்குபவர் இருவருடைய கடமைகளையும் அதன் 55ஆவது பிரிவு வரிசையாகச் சொல்கிறது. இருவரும் தங்களுக்குள் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொள்ளாதவரை அதுதான் விதி. விற்பவருக்கு அது வைக்கும் முதல் கடமையே வாயைத் திறப்பதுதான். சொத்திலோ, சொத்தின் மீது தமக்குள்ள உரிமையிலோ முக்கியமான குறை இருக்கிறது. அது தமக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. சாதாரணக் கவனத்தோடு விசாரித்தாலும் அவரால் கண்டுபிடிக்க முடியாது. அப்படியானால் அதைச் சொல்லியே தீரவேண்டும். கேட்டால் மூல ஆவணங்களைப் பார்வைக்குத் தரவேண்டும். கேட்கிற கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்லவேண்டும். விற்கும் தேதிவரை சேர்ந்த வரி பாக்கியும் விற்பவர் கணக்கில்தான்.

இந்தப் பிரிவின் கடைசி வாக்கியம்தான் சுருக்கென்று தைப்பது. சொல்லவேண்டிய குறையைச் சொல்லாமல் விடுவதே மோசடி என்கிறது அது. பொய் சொல்லியிருக்கவேண்டும் என்பதில்லை, சும்மா இருந்ததே போதும்.

வாங்குகிறவருக்கும் இதே பிரிவில் ஒரு கடிவாளம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. தம் உரிமை எவ்வளவு பெரியது என்று விற்பவருக்கே தெரியவில்லை, வாங்குகிறவருக்குத் தெரிகிறது, அதனால் மதிப்பு கணிசமாகக் கூடும் என்றால் அவரும் அதைச் சொல்லவேண்டும். பாதிப் பங்குதான் தம்முடையது என்று நினைத்துக்கொண்டிருக்கும் பெரியவரிடம், முழு வீடும் அவருடையதே என்று காட்டும் பத்திரத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு பாதி விலை பேச முடியாது. தெருமுனையில் மெட்ரோ ஸ்டேஷன் வரப்போகிறது என்ற ரகசியம் இந்தக் கணக்கில் சேராது. அதை அவர் தாராளமாக மனசுக்குள் வைத்துக்கொள்ளலாம்.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அது கட்டி விற்கும் நிறுவனத்தைக் கட்டுப்படுத்துகிறது. கட்டுமானக் குறைக்கு 5 வருடம் பொறுப்பேற்கச் சொல்கிறது. முப்பது வருடம் குடியிருந்த வீட்டை விற்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரை அது தொடாது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வீட்டை விற்கும் தனிநபர், கூரை ஒழுகுவது முதல் அக்கம்பக்கத்துச் சத்தம் வரை அச்சிட்ட படிவத்தில் டிக் அடித்துக் கொடுக்கவேண்டும். நம்மிடம் அப்படிப் படிவம் இல்லை. 55ஆவது பிரிவும், பத்திர எழுத்தரின் அந்தப் பத்தியும்தான் இருக்கின்றன.

எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லத் தேவையில்லை என்பதற்கு ஒரு கோடு உண்டு. பதிவான ஆவணங்களை வாங்குகிறவர் பார்த்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். பார்க்காதது அவர் தப்பு. ஆக, பதிவேட்டில் ஏறாமல் விற்பவர் வீட்டு அலமாரியிலும் ஞாபகத்திலும் மட்டும் கிடப்பதில்தான் விற்பவரின் பொறுப்பு நிஜமாக ஆரம்பிக்கிறது.

பாட்டியின் பங்கு

அதில் முதலில் வருவது, கையெழுத்துப் போடவேண்டியவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வி. அப்பா சம்பாதித்துக் கட்டிய வீடு, அப்பா உயில் எழுதாமல் போய்விட்டார், அம்மாவும் பிள்ளைகளும் சேர்ந்து விற்கிறார்கள் என்றால், ‘நாங்க மூணு பேர்தான்’ என்று மூவரும் சத்தியமே செய்வார்கள். பல குடும்பங்களில் அது சரியான கணக்கு அல்ல.

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்தால் முதல் வகுப்பு வாரிசுகளில் மனைவி, மகன், மகளோடு அவருடைய தாயும் உண்டு. தகப்பனார் அந்த வகுப்பில் இல்லை, தாய் இருக்கிறார். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அப்பா 1998இல் இறந்தார். அப்போது பாட்டி இருந்தார். அம்மா, அண்ணன், தங்கை, பாட்டி ஆகிய நால்வருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. பாட்டி 2006இல் இறந்தார், அவரும் உயில் எழுதவில்லை. அவருடைய கால் பங்கு அவர் பிள்ளைகளுக்குப் போகும். சித்தப்பாவுக்கு ஒரு பாகம், அத்தைக்கு ஒரு பாகம், இறந்துபோன அப்பாவின் பாகம் அண்ணன் தங்கைக்கு. அதாவது, சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் இந்த வீட்டில் ஆளுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு. வீடு 90 லட்சத்துக்குப் போனால் தலைக்கு ஏழரை லட்சம்.

அத்தைக்கே இது தெரியாது. தெரியாதவரை பிரச்னையும் இல்லை. வாங்குகிறவர் வங்கிக் கடனுக்குப் போகும்போது, அப்பாவின் வாரிசுச் சான்றிதழில் பாட்டியின் பெயரைப் பார்த்த மாத்திரத்தில் வங்கியின் வக்கீல், ‘இந்த அம்மாள் எங்கே?’ என்று கேட்பார். இறந்துவிட்டார் என்றால் அவருடைய இறப்புச் சான்று, அவருடைய வாரிசுச் சான்று, சித்தப்பா அத்தையிடமிருந்து விடுதலைப் பத்திரம் என்று பட்டியல் நீளும். அட்வான்ஸ் வாங்கிச் செலவழித்த பிறகு பேச்சுவார்த்தைக்குப் போகிற குடும்பத்திடம் சித்தப்பா என்ன பேசுவார் என்பது அந்தக் குடும்பத்துக்கே வெளிச்சம். விற்க யோசனை வந்த அன்றே போய்ப் பேசியிருந்தால் ஒரு பட்டுப்புடவையோடு முடிந்திருக்கும் விஷயம் அது.

பெண் பிள்ளைகள் விஷயமும் இப்படித்தான். தகப்பனாரின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கு 1956 முதலே சம பங்கு. பூர்வீகச் சொத்தில், 1989 மார்ச் 25 அன்று திருமணமாகாதிருந்த மகள்களுக்குத் தமிழ்நாடு முதலில் பங்கு கொடுத்தது. 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்ற வித்தியாசத்தையே எடுத்துவிட்டது. 2005இல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்கவேண்டும் என்ற வாதத்தையும் உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட்டில் வினீதா சர்மா வழக்கில் தள்ளிவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவுசெய்த பாகப்பிரிவினை இருந்தால் மட்டும் அது அப்படியே நிற்கும். இத்தனைக்கும் பிறகும், ‘தங்கச்சிக்குத்தான் அப்பவே நகை போட்டு அனுப்பிட்டோமே’ என்ற வாக்கியம் பத்திர அலுவலக வாசல்களில் கேட்கிறது. நகை ரசீது விடுதலைப் பத்திரம் ஆகாது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பங்குக் கணக்கு வேறு. ஆனால், எல்லாப் பங்குதாரர்களும் கையெழுத்துப் போடவேண்டும் என்பதில் வேறுபாடு இல்லை.

பங்குதாரர்களில் 18 வயது ஆகாத பிள்ளை இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். இந்து மைனரின் பெயரில் உள்ள சொத்தை, தாயோ தகப்பனோ ஆனாலும், நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்கக் கூடாது. விற்றால், மேஜரான மூன்று வருடத்துக்குள் அந்தப் பிள்ளை விற்பனையை ரத்து செய்யச் சொல்லி வழக்குப் போடலாம். செட்டில்மென்ட் எழுதும்போது பேரன் பெயரை ஆசையாகச் சேர்க்கும் தாத்தாக்கள் இதை நினைப்பதில்லை.

இ.சி. சொல்லும், சொல்லாது

வில்லங்கச் சான்றை ஆளுக்கு ஆள் இ.சி. என்கிறோம். பதிவுத்துறையின் இணையதளத்தில் 1975 முதலான பதிவுகளை வீட்டிலிருந்தே பார்க்கலாம். விற்க முடிவெடுத்தவர் முதலில் தம் சொத்துக்குத் தாமே ஒரு இ.சி. போட்டுப் பார்ப்பது நல்லது. வாங்குகிறவர் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டால், தம் வீட்டைப் பற்றித் தமக்கே தெரியாத செய்தியை அவர் வாயால் கேட்க நேரும்.

அடிக்கடி வெளிவரும் செய்தி ஒன்று உண்டு. பத்து வருடம் முன்பு கட்டி முடித்த வீட்டுக் கடன் இ.சி.யில் இன்னும் உயிரோடு இருக்கும். கடன் வாங்கும்போது பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததைப் பதிவு செய்திருப்பார்கள். கடன் முடிந்ததும் வங்கி பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்து, பாக்கி இல்லை என்று கடிதமும் தந்துவிடும். அந்த அடமானம் தீர்ந்தது என்று ரசீது ஆவணம் பதிவு செய்தால்தான் இ.சி. அதை ஒத்துக்கொள்ளும். கடன் முடிந்த சந்தோஷத்தில் அதற்காக இன்னொரு தரம் சார்பதிவாளர் ஆபீசுக்கு யார் போவார்கள்? கிளை இணைந்து, மேனேஜர் மாறி, வங்கியின் பெயரே மாறிய பிறகு அந்த ரசீதை வாங்குவதற்குள் வாங்க வந்தவர் வேறு வீடு பார்த்துவிடுவார். அண்மையில் கடன் முடித்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு: கடன் முடிந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தரவேண்டும், தங்கள் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் நஷ்டஈடு தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் உத்தரவிட்டது. அந்த வருடம் டிசம்பர் 1 முதல் அது நடைமுறை.

இன்னொன்று, பழைய விற்பனை ஒப்பந்தம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். ஒரு காலத்தில் யாரோ அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் பதிந்து, பிறகு வேண்டாம் என்று பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போயிருப்பார். ரத்து ஆவணம் போடவில்லை என்றால் அவரும் இ.சி.யில் குடியிருப்பார்.

இ.சி. சொல்லாதவற்றின் பட்டியல் இதைவிட முக்கியம். பதிவுசெய்த உயில்கூட இ.சி.யில் வராது, உயிலுக்குத் தனிப் புத்தகம். நிலுவையில் இருக்கும் சிவில் வழக்கு பெரும்பாலும் வராது. வழக்கு நடக்கும்போது வாங்கியவரைத் தீர்ப்பு கட்டுப்படுத்தும் என்பதால், அதை மறைத்து விற்பது அந்த 55ஆவது பிரிவின் நேர் எதிரில் போய் நிற்பது. குடியிருப்பவரோடு போட்ட பதினொரு மாத வாடகை ஒப்பந்தம் வராது. கைமாற்றுக்காகத் தெரிந்தவரிடம் பத்திரத்தைக் கொடுத்துவைத்தது வராது. பெரியப்பா மகன் ‘எனக்கும் இதில் பங்கு உண்டு’ என்று அனுப்பிய வக்கீல் நோட்டீஸ், பீரோவில் புடவைக்கு அடியில் இருப்பது, அதுவும் வராது. நோட்டீஸில் சத்து இல்லை என்று விற்பவர் நினைக்கலாம். அப்படியே இருக்கட்டும், காட்டிவிட்டு அதைச் சொல்லலாம்.

மூலப் பத்திரம் தொலைந்திருந்தால்? 2022 முதல் முந்தைய அசல் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்று தமிழ்நாட்டில் ஒரு விதி இருந்தது. உரிமையை ஆராய்வது சார்பதிவாளரின் வேலை அல்ல என்று சொல்லி, 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்றது. விதியாகக் கூடாது என்றால் சட்டத் திருத்தமாகவே கொண்டுவருவோம் என்று மாநில அரசு அதன் பிறகு கிளம்பியது. இந்த இழுபறி எப்படிப் போனாலும், அசல் இல்லாத வீட்டுக்குக் கடன் கொடுக்க வங்கிகள் தயங்கும். போலீஸில் புகார், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, பத்திரிகை விளம்பரம், சான்றிட்ட நகல் இந்த வேலைகளுக்கு மாதக்கணக்கில் ஆகும். புரோக்கரிடம் சொல்வதற்கு முன்பே இதைத் தொடங்கவேண்டும்.

மூன்று தாள், மூன்று அளவு

பத்திரத்தில் 40க்கு 60, ஆக 2,400 சதுர அடி. பட்டாவில் 210 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 2,260 சதுர அடி. டேப் பிடித்து அளந்தால் 2,310. புறநகர்களில் இந்த மாதிரிக் கணக்கு அபூர்வமில்லை. மனைப்பிரிவு போட்டபோது சாலைக்கு விட்ட துண்டு, பக்கத்து வீட்டுக்காரர் சுவர் கட்டியபோது நகர்ந்த அரை அடி, 1980களில் நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பித்தபோது விழுந்த பிழை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். விற்கும்போது எந்த அளவுக்கு விலை என்பதுதான் சண்டை. பத்திர அளவுக்குப் பணம் வாங்கிக்கொண்டு தரையில் குறைவாக ஒப்படைத்தால், வித்தியாசம் தெரிந்திருந்தும் சொல்லவில்லை என்ற கேள்வி வரும்.

பட்டா உரிமையைத் தந்துவிடாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன. இருந்தாலும் பட்டாவில் பழைய சொந்தக்காரர் பெயரோ, செத்துப்போன தாத்தா பெயரோ இருந்தால் விற்பனை தடுக்கி நிற்கும். பெயர் மாற்றம், உட்பிரிவு, சர்வேயர் வந்து அளப்பது எல்லாம் தாலுகா ஆபீசின் வேகத்தில்தான் நடக்கும். இதைவிடச் சிக்கல், பத்திரத்திலேயே சர்வே எண்ணோ எல்லையோ தப்பாக இருப்பது. அதற்குப் பிழைதிருத்தல் பத்திரம் வேண்டும். அதில் யார் இந்த வீட்டை உங்களுக்கு விற்றாரோ அவர் கையெழுத்துப் போடவேண்டும். 1994இல் விற்றுவிட்டுப் போனவரை இன்று எந்த ஊரில் தேடுவது? அவர் இல்லாவிட்டால் அவர் வாரிசுகளை? அவர்கள் நியாயமானவர்களாக இருந்தால் போக்குவரத்துச் செலவோடு போகும்.

அப்ரூவல் இல்லாத மனைகளுக்கும் ஒரு தேதி இருக்கிறது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை போட்டது. பிறகு 2016 அக்டோபர் 20க்கு முன்னால் உருவான மனைப்பிரிவுகளை வரன்முறை செய்துகொள்ள அரசு வழிவிட்டது. அதைச் செய்யாமலே வீடு கட்டிக் குடியிருப்பவர்கள், விற்கும்போதுதான் அதன் எடையை உணர்வார்கள். தரைத்தளத்துக்கு மட்டும் பிளான் வாங்கி, பெண் கல்யாணத்துக்கு முன் அவசரமாக எழுப்பிய மாடியும் இந்த வகைதான். மாடி கண்ணுக்குத் தெரிகிறது, அனுமதி இல்லாதது தெரிவதில்லை.

அடுக்குமாடி வீட்டில் பட்டா தலைவலி குறைவு. நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு எத்தனை சதுர அடி, கார் நிறுத்துமிடம் பத்திரத்தில் ஏறியிருக்கிறதா அல்லது பில்டர் கொடுத்த ஒரு கடிதம்தானா, சங்கத்துக்குப் பராமரிப்பு பாக்கி உண்டா ஆகிய மூன்றைக் கேட்டால் பெரும்பாலும் போதும்.

தாளில் ஏறாத வீடு

சென்னையில் வீடு பார்க்க வருகிறவர்கள் மே மாதத்தில் வருகிறார்கள். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் வீட்டுக்குள் தண்ணீர் எந்த மட்டத்துக்கு நின்றது என்பது எந்த ஆவணத்திலும் கிடையாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணைப் பக்கம் எத்தனை நாள் வடியாமல் இருந்தது என்பதும் கிடையாது. வெள்ளம் வந்தது ஊருக்கே தெரியும், விசாரித்தால் அவரே கண்டுபிடிக்கலாமே என்று விற்பவர் வாதிடலாம். தெருவில் வந்ததை ஊர் சொல்லும்; கூடத்தில் எவ்வளவு நின்றது, தரைத்தொட்டிக்குள் சாக்கடை கலந்ததா என்பது குடியிருந்தவருக்கு மட்டுமே தெரியும்.

நான் இதில் ஒரு கோடு போடுவேன். ஈரம் ஏறிய சுவரை அப்படியே விட்டுவைத்துக் காட்டுவது ஒன்று. விற்பனைக்கென்றே புட்டி அடித்து, பெயின்ட் பூசி, தண்ணீர்த் தடத்தை மறைத்துவிட்டுப் பேசாமல் இருப்பது வேறு. உண்மையை வேலை மெனக்கெட்டு மறைப்பதை 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமே மோசடி என்கிறது. போர்வெல் ஏப்ரலில் வற்றிவிடும், பக்கத்து வீட்டு மழைநீர்க் குழாய் இருபது வருடமாக நம் மனைக்குள்தான் விழுகிறது, பின்பக்கச் சந்தில் அவர்களுக்கு நடைபாதை உண்டு, மேல்மாடிக் குடித்தனக்காரர் காலி செய்ய மறுக்கிறார்... இவையெல்லாம் சொல்லவேண்டியவை. வீட்டில் ஒருவர் தூக்குப் போட்டுக்கொண்டதைச் சொல்லவேண்டுமா என்பதற்கு நம் சட்டத்தில் நேரடி விதி இல்லை. கலிஃபோர்னியாவில் மூன்று வருடத்துக்குள் நடந்த மரணமென்றால் சொல்லவேண்டும். நம்மூரில் அந்த வேலையைப் பால் காய்ச்சிய அன்றே எதிர்வீட்டு அம்மா செய்துவிடுவார்.

வாயால் சொன்னதற்குச் சாட்சி இருக்காது. விற்பனை ஒப்பந்தத்தோடு ஒரு பக்கக் கடிதம் எழுதி, இன்னின்ன விஷயங்களைத் தெரிவித்துவிட்டேன் என்று பட்டியலிட்டு, வாங்குகிறவரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் இங்கே அநேகமாக இல்லை. இருந்தால் முதல் பலன் விற்பவருக்குத்தான். ஐந்து வருடம் கழித்து ‘என்னிடம் மறைத்துவிட்டார்’ என்று கிளம்பும் வழக்கில் அந்த ஒற்றைத் தாள் பேசும். விலையில் ஒன்றிரண்டு லட்சம் குறையும், உண்மைதான். வழக்கு வந்தால் வக்கீலுக்குப் போவது அதைவிடக் கூடும்.

அட்வான்ஸ் என்னும் கண்ணி

அட்வான்ஸ் வாங்கிய பிறகு மனம் மாறினால் இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பது பழைய நினைப்பு. 2018இல் குறிப்பிட்ட தீர்வுச் சட்டத்தைத் திருத்திய பிறகு, ஒப்பந்தப்படி வீட்டையே எழுதிக் கொடு என்று நீதிமன்றம் சொல்வதுதான் பொது வழி. அதனால் சித்தப்பா கையெழுத்து, வங்கி ரசீது, பட்டா திருத்தம் எல்லாம் பாக்கி இருக்கும்போது மூன்று மாதக் கெடு போட்டு அட்வான்ஸ் வாங்குவது, தம் கழுத்துக்குத் தாமே தேதி குறித்துக்கொள்வது.

ரொக்கத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். அரசு வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம், மீதிக்குக் கறுப்பு என்ற ஏற்பாட்டில் லாபம் இரண்டு பக்கமும் என்று நினைக்கிறார்கள். 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் கட்டுபவர் வாங்குகிறவர். மிச்சம் பிடிப்பவரும் அவர்தான். அசையாச் சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமாக அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதைக் கட்டவேண்டியவர் பணத்தைக் கொடுத்தவர் அல்ல, கைநீட்டி வாங்கியவர்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குகிறவர் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டுதான் தருவார், அது விற்பவரின் வரிக் கணக்கில் வரவாகும். லாபத்துக்கு, 2024 ஜூலை 23 முதல் பணவீக்கச் சரிக்கட்டல் இல்லாமல் 12.5 சதவீதம் வரி. அதற்கு முன் வாங்கிய வீடு என்றால், இந்தியாவில் வசிக்கும் தனிநபர் பழைய முறைப்படி சரிக்கட்டலோடு 20 சதவீதம் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். 2001க்கு முன்னால் வந்த வீடென்றால் அந்த வருடம் ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை அடக்கவிலையாக எடுக்க முடியும். தாத்தா வாங்கிய 8,000 ரூபாயிலிருந்து கணக்கைத் தொடங்கவேண்டியதில்லை.

பிள்ளை அமெரிக்காவில், வீடு அவர் பேரில் என்றால் இந்த 1 சதவீதக் கணக்கு பொருந்தாது. வெளிநாட்டில் வசிப்பவருக்கு உரிய உயர்ந்த விகிதத்தில் வரி பிடிக்கவேண்டும். குறைத்துப் பிடிக்க வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே சான்று வாங்கவேண்டியவர் விற்பவர். அவர் அனுப்பும் பவர் பத்திரம் தூதரகத்தில் கையெழுத்தாகி, இந்தியா வந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாகவேண்டும். பவர் வைத்திருக்கும் மாமா பத்திரம் பதியப் போகும்போது, பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றையும் கேட்பார்கள். கேட்பதில் நியாயம் உண்டு. கொடுத்தவர் இறந்தால் பவரும் இறந்துவிடும். இறந்தவர்களின் பவரில் விற்ற வீடுகள் நீதிமன்றங்களில் நிறைய இருக்கின்றன. பவரும் அக்ரிமென்ட்டும் மட்டும் வைத்து வீட்டைக் கைமாற்றியதாக நினைத்துக்கொள்வது செல்லாது என்றும் 2011இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பதிவு முடிந்து பணம் முழுதும் வந்ததும் அசல்களை எல்லாம் ஒப்படைத்தாகவேண்டும். அப்போது எந்தெந்த ஆவணம், எந்தத் தேதி, எத்தனை பக்கம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டு வரியையும் மின் இணைப்பையும் புது உரிமையாளர் தம் பேருக்கு மாற்றாதவரை பாக்கி நோட்டீஸ் உங்கள் பேருக்குத்தான் வரும். அதனால் பெயர் மாற்ற விண்ணப்பத்தில் அன்றைக்கே இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுவது உத்தமம். கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும், மாடி கட்டிய செலவு பில் உள்பட, நகல் எடுத்து வைத்துக்கொள்ளவும் மறக்க வேண்டாம். மறந்தால், வரிக் கணக்கில் அடக்கவிலையைக் காட்டுவதற்காக விற்ற வீட்டின் காலிங் பெல்லை நீங்களே போய் அழுத்தி, ‘சார், அந்தப் பழைய பத்திரத்தை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கலாமா?’ என்று கேட்டுக்கொண்டு நிற்கவேண்டிவரும்.